பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் முதல் மூன்று மாதம்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்த பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் தவறாமல் வருவது ஒன்று: "ஒண்ணும் செய்யாண்டாம், நல்லா படுத்துக் கெடக்கட்டும்." கேட்க இதமாக இருக்கும். ஆனால் வயதானவருக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. ஒரு பக்கம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு அந்த ஒரு கிலோவும் போனால், கக்கூசுக்குத் தானே எழுந்து போயிருக்க வேண்டியவர் டயப்பரில் கிடப்பார்.

வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் வந்தாலும் ஒரு நாளில் அரை மணி நேரம்தான் இருப்பார். மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் வீட்டார் கையில். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வரும். பிறகும் வரும், மெதுவாக. பாசத்தால் ஊட்டிவிட்டு, தூக்கிவிட்டு, சட்டை மாட்டிவிட்டு அந்த மூன்று மாதத்தையும் தொலைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு. அவரால் பாதி முடிந்தால் பாதியை அவர் செய்யட்டும். நேரம் ஆகும், ஆகட்டும்.

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். எழுபது வயதுக்காரரைப் பார்த்துக்கொள்வது அறுபத்தைந்து வயது மனைவியாக இருக்கும். அதனால் ஆளைத் தூக்காமல் வேலை நடக்கும் முறைகளையே இங்கே சொல்கிறோம்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது

சீட்டைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது: இரத்தக் குழாய் அடைத்ததால் வந்ததா, வெடித்து இரத்தம் கசிந்ததா? அடைப்பு என்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் தருவார்கள். இதயத் துடிப்பு சீரில்லாததால் வந்த அடைப்பு என்றால் மருந்து வேறு. கசிவு என்றால் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைப் பார்த்து வாங்குவது இதனால்தான் ஆபத்து.

பிறகு, பிரஷர் எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கு 130/80 என்பார்கள். நிற்கும்போது தலைசுற்றுகிற முதியவருக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்பதையும் கேளுங்கள். வலி மாத்திரை, இளநீர், புரதம் எல்லாம் அதைப் பொறுத்தது. விழுங்கும் சோதனை செய்தார்களா, தளர்ந்த காலில் எடை போட்டு நிற்கலாமா என்பதும் முக்கியம்.

கடைசியாக, பிசியோதெரபிஸ்டிடம் ஒவ்வொரு பயிற்சியையும் செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுங்கள். அது போதாது. அவர் கண் முன்னால் நீங்கள் ஒரு தடவை செய்துகாட்டுங்கள். தவறு அப்போதுதான் தெரியும்.

கட்டில்

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் வருகிற உயரம், பெரும்பாலோருக்கு 42 முதல் 48 செ.மீ., மெத்தையோடு சேர்த்து. பழைய வீடுகளில் இருக்கும் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் இதைவிட உயரம்; கால் தொங்கும், ஆள் வழுக்குவார். கயிற்றுக் கட்டில் நடுவில் குழிவதால் புரளவே முடியாது. அளவான பலகைக் கட்டிலில் நாலு அங்குல மெத்தை போதும்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இரவிலும். நல்ல பக்கமாகப் படுத்தால் தளர்ந்த கையையும் காலையும் தலையணைகள் மேல் வையுங்கள். மணிக்கட்டு தலையணைக்கு வெளியே தொங்கக் கூடாது. தளர்ந்த பக்கமாகவும் படுக்கலாம், ஆனால் அந்தத் தோள் உடம்புக்கு அடியில் நசுங்காமல் தோள்பட்டை எலும்பில் கைவைத்து முன்னால் கொண்டுவர வேண்டும். மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுகர் உள்ளவருக்குக் குதிகாலில் புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு.

குளிப்பாட்டும்போது இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால், கணுக்கால் நாலையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, அடியில் நசுங்கிய திசு இன்னும் கிழியும். காற்றடைத்த வளையமும் வேண்டாம்; அது விளிம்பில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பம்பு வைத்த காற்று மெத்தை நல்லது, ஆனால் கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக். மெத்தை இருக்கிறது என்று திருப்புவதை நிறுத்திவிடாதீர்கள்.

வாய்க்குள் போகிற ஒவ்வொரு வாயும்

பக்கவாதத்துக்குப் பின் வருகிற நிமோனியா பெரும்பாலும் தவறான குழாயில் இறங்கிய சாப்பாட்டாலும் உமிழ்நீராலும் வருவது. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் கொடுங்கள். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. தளர்ந்த கன்னத்தின் உள்ளே சோறு ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. முடிந்ததும் வாயைத் திறந்து பாருங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

தண்ணீர்தானே எளிது என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மெல்லிய தண்ணீர்தான் கடினம். தொண்டை மூடுவதற்குள் ஓடிவிடும். அதைவிடக் கடினம் நம் கஞ்சி: தண்ணீர் ஒரு வேகம், பருக்கை ஒரு வேகம். நோயாளிக்குக் கஞ்சி என்பது இங்கே எழுதாத சட்டம், அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறோம். மிக்சியில் அடித்துக் கூழ்ப்பதமாக்கிக் கொடுங்கள், கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் திட்டாக விழ வேண்டும். மீன் கொடுப்பதாக இருந்தால் முள்ளை விரலால் தடவி எடுத்து மசித்துக் கொடுக்கலாம். பொடி முள் நிறைந்த சாளையை இந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் நனைந்தாற்போல் கரகரப்பது, மாலையில் காய்ச்சல் — இதில் ஒன்று வந்தாலும் வாய்வழி கொடுப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். இருமாமலேயே நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு, ஆகவே இருமல் இல்லை என்று அசந்துவிடக் கூடாது. மூக்கு டியூப் உள்ளவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, டியூபில் போட்ட குறி மூக்குத் துவாரத்தில் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். குறி நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

பல் தேய்ப்பது நாளுக்கு இரண்டு தடவை, டியூப் இருந்தாலும். வாயிலுள்ள கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

தோள்பட்டையை இழுக்காதீர்கள்

தளர்ந்த தோளைப் பிடித்து வைப்பது சதை. அந்தச் சதை தூங்கிவிட்டால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். தோள் முனைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரியும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாலோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டைச் சுற்றிய சவ்வு கிழியும். பிறகு மாதக்கணக்கில் வலி, வலியால் பயிற்சி நின்றுபோகும். பார்க்க வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். "எழும்பும் பாட்டா" என்று பாசமாகக் கையைப் பிடித்து இழுப்பது அவர்கள்தான்.

உட்காரும்போது முன்கை ஒரு தலையணை மேலோ மேஜை மேலோ இருக்கட்டும். கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளிக்கட்டு நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்கக் கட்டிவைத்தால் முழங்கை மடங்கியபடியே இறுகும். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில்; கழற்றும்போது அது கடைசியில்.

எழும்பி நிற்பது

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கக்கூஸ், குளியல், பஸ், கோயில், சர்ச் எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்புவதில் தொடங்குகிறது.

கைப்பிடியுள்ள கனமான மர நாற்காலி வேண்டும், இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம், முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். கைப்பிடியில் ஒரு பக்கமாக எடை விழுந்தால் அது கவிழும், மொசைக் தரையில் வழுக்கும். எழும்பச் சிரமமாக இருந்தால் கெட்டியாக மடித்த ஜமுக்காளத்தை இருக்கையில் போட்டு உயர்த்துங்கள். நாற்காலியின் காலுக்கடியில் செங்கல் வைக்காதீர்கள். பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாகக் குறைக்கலாம்.

படுக்கையிலிருந்து நேராக எழுப்பக் கூடாது. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். படுத்திருக்கும்போது பார்த்த மேல் பிரஷர், நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் பிரஷர் 10 இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற ஆண்களிடம் இது அடிக்கடி நடக்கும். காலையில் கட்டிலருகே விழுகிறவர்களில் பலர் விழுவது கால் பலமில்லாமல் அல்ல, இப்படிப் பிரஷர் இறங்கித்தான்.

இனி முறை:

1. இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து வரவேண்டும். நகர முடியாவிட்டால் ஒரு பக்க இடுப்பு, மறுபக்க இடுப்பு என்று மாற்றி மாற்றி "நடந்து" வரலாம்.

2. இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. தளர்ந்த பாதம் முன்னால் நழுவிவிடும். உங்கள் பாதத்தை அதன் முன்னால் அணைகொடுங்கள்.

3. மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிய வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்துகொண்டே எழும்பப் பார்ப்பார்கள், அதனால்தான் தொப்பென்று விழுகிறார்கள். முன்னால் ஒரு ஸ்டூல் வைத்து அதைத் தொடச் சொன்னால் குனிவது தானாக வரும்.

4. "ஒண்ணு, ரெண்டு, எழும்புங்க" என்று எண்ணி, அவரே தள்ளி எழும்ப வேண்டும். நீங்கள் தளர்ந்த பக்கம், முழங்காலை மடித்து நின்று, இடுப்பில் கட்டிய அகலமான துணி பெல்ட்டைப் பிடியுங்கள். வேட்டியையோ சாரத்தையோ பிடித்தால் அவிழ்ந்து கையோடு வரும்.

5. நின்று ஐந்து எண்ணி, நாற்காலி இரண்டு காலின் பின்பக்கமும் படுவதை உணர்ந்த பிறகு, மெதுவாக உட்கார வேண்டும். மெதுவாக உட்காருவதும் பயிற்சிதான். சொல்லப்போனால் தொடைச் சதைக்கு அதுதான் கூடுதல் பயிற்சி.

முதல் வாரம் ஒரு தடவைக்கு ஐந்து, நாளைக்கு நாலு தடவை. பிறகு பத்து. ஒரு நாளில் ஐம்பதைத் தொட்டால் கால் தேறிவருகிறது என்று நம்பலாம். தளர்ந்த காலில் எடை விழவில்லை என்றால் நல்ல பாதத்தை அரை அடி முன்னால் வைத்து எழும்பச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் தளர்ந்த கால் வேலை செய்யும். இதை ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

நடை

ஊன்றுகோல் நல்ல கையில். தளர்ந்த காலுக்கு ஆதரவு அந்தப் பக்கம்தானே வேண்டும் என்று தோன்றும், தவறு. நல்ல கை ஊன்றும்போதுதான் தளர்ந்த கால் மேல் விழுகிற எடை குறைகிறது. உயரம்: செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் எடுத்துத் தருகிற உயரத்தில் அப்படியே கொண்டுவராதீர்கள். துளைகளில் பட்டனை மாற்றிச் சரிசெய்யலாம். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும், சின்னச் செலவுதான்.

வரிசை: கோல், தளர்ந்த கால், நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் தளர்ந்த காலும் முதலில். திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து வட்டமடிக்க வேண்டும். நேராக நடக்கும்போதைவிடத் திரும்பும்போது விழும் ஆபத்து அதிகம்.

ஹவாய் செருப்பு கூடாது, தளர்ந்த கால் அதைப் பிடிக்காது. குதிகாலில் பட்டை உள்ள செருப்பு அல்லது ஒட்டுப்பட்டை ஷூ. கால்விரல் தரையில் உரசினால் கணுக்கால் பட்டை தருவார்கள்; முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுகரால் மரத்துப்போன காலில் பட்டை அறுத்தாலும் வலிக்காது. சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே கட்டுங்கள், அல்லது பயிற்சி நேரத்தில் அரைக்கால் சட்டை போடுங்கள். தாத்தாவுக்குக் கூச்சம் இரண்டு நாளில் போய்விடும்.

நமக்கு இரண்டு மழைக்காலம், ஜூனிலும் அக்டோபரிலும். முற்றத்துச் சிமெண்டும் கிணற்றடியும் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவதை வாரவேலையாக வையுங்கள். மழை நாளில் நடை வீட்டுக்குள்ளேயே. கடற்கரை ஊர்களில் மணலில் நடத்திப் பழக்குவதைப் பார்க்கிறோம். சமதரையில் தனியாக நடக்க வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

கை

காலைவிடக் கை தாமதமாகத்தான் திரும்பும். எல்லோரும் வாங்கிக் கொடுப்பது ஒரு ரப்பர் பந்து. விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியிருந்தால் பந்தை அழுத்தி அழுத்தி மடக்குகிற சதையைத்தான் வளர்க்கிறோம். தேவை விரித்தல். மேஜையில் முன்கையை வைத்து, துணியைத் தள்ளி விரிப்பது, டம்ளரை எடுத்து வைத்துக் கையை விடுவது, பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. எண்ணிக்கை முக்கியம்: பத்து இருபது போதாது, நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். தோவாளைப் பக்கத்து அம்மாக்களுக்குப் பிச்சிப்பூவையும் நாரையும் முன்னால் வைத்தால் மற்ற எந்தப் பயிற்சியையும்விட அதிக நேரம் உட்காருவார்கள். பூ தொடுக்க வராவிட்டால் காம்பு காம்பாக எடுத்து வரிசையாக அடுக்கினாலும் பயிற்சிதான். அவரவர் தொழிலில் இப்படி ஒன்று இருக்கும், தேடி எடுங்கள்.

சுகரும் பிரஷரும்

பயிற்சிக்கு முன் சுகர் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். 300-க்கு மேலே இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், காரணம் தேடுங்கள். 70-க்குக் கீழே போய், விழுங்க முடிகிறவராக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு இதைக் கூழ்ப்பதத்தில் எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் இறங்கினால் வியர்வை, குழறல், ஒரு பக்கத் தளர்ச்சி எல்லாம் வரும், அசல் பக்கவாதம் போலவே இருக்கும். அதனால் அந்த நேரத்தில் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள்.

வயதான, பல நோயுள்ளவருக்கு சுகரின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 7-க்குக் கீழே கொண்டுவர அடம்பிடிக்க வேண்டியதில்லை, 7.5 முதல் 8 வரை பல மருத்துவர்கள் ஏற்பார்கள். சுகர் தாழ்ந்து விழுவது கூடுதல் ஆபத்து.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். நல்ல கையில், கை நெஞ்சு மட்டத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. 180/110-ஐத் தாண்டினால் பயிற்சி இல்லை. பயிற்சி நடுவே நெஞ்சு இறுக்கம், மயக்கம், பேச முடியாத மூச்சிரைப்பு வந்தால் நிறுத்துங்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு.

தோள் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்குவதை அடியோடு விடுங்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் இரத்தம் கசியவைக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலே போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாடு

சதை வளரப் புரதம் வேண்டும்: சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம். 55 கிலோ ஆளுக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. வெறும் கஞ்சியும் துவையலும் கொடுத்தால் இதில் பாதிகூட வராது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் தட்டிலிருந்து போனாலே பிரஷர் இறங்கத் தொடங்கும். கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்பது நம் ஊரின் பிடிவாதமான நம்பிக்கை. அதுவும் சர்க்கரைதான், ஏற்றும். மரச்சீனிக்கிழங்கு சோற்றுக்குப் பதிலாக, மீனோடு, ஒரு சின்னக் கிண்ணம். சோற்றுக்கு மேலே அல்ல. சிறுநீரகம் பழுதானவருக்கும் பொட்டாசியத்தைக் கூட்டுகிற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இளநீரும் ஏத்தம்பழமும் இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே.

கக்கூசும் குளியலறையும்

ஒவ்வொரு இரண்டு மூன்று மணி நேரத்துக்கும் கேட்காமலே அழைத்துப் போங்கள். அவசரத்தில் ஓடுவதுதான் விழவைக்கிறது. பயந்து தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் மூத்திரக் கிருமியும் வரும். மாலை ஆறுக்குப் பிறகு மட்டும் குறைக்கலாம். இரவில் ஆண்களுக்கு மூத்திரக் குடுவை, பெண்களுக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலி. நடு ஓட்டையுள்ள அந்த நாற்காலியைப் பழைய இந்தியக் கக்கூஸ் மேலேயே வைத்துப் பயன்படுத்தலாம். பிடிகம்பி நல்ல கைப் பக்கம் வர வேண்டும், மூன்று அல்லது மூன்றரை செ.மீ. தடிமன், செங்கல்லில் ஆழமாகத் துளைபோட்டு மாட்டியது. துண்டு தொங்கவிடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் திறக்க முடியாது.

வர்மமும் எண்ணெயும்

குமரி வர்மத்துக்குப் பேர்போன மண். எந்த வீட்டிலும் ஆசானைப் பார்க்கலாமே என்ற பேச்சு வரும். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிறது. பார்க்கலாம், நாலு நிபந்தனையோடு. ஆஸ்பிரின், பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். தொடுவுணர்ச்சி இல்லாத கையில் சூடான எண்ணெயும் கிழியும் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தளர்ந்த தோளை முறுக்கி இழுக்கவிடாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தடவவே கூடாது. உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மென்மையாக எண்ணெய் தடவுவதால் தோலுக்கும் மனசுக்கும் நல்லது. அது நடையைக் கொண்டுவராது.

அரசு உதவிகள்

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். வீட்டோடு கிடப்பவருக்கு பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருவார்கள். துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு பெயர் பதியுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திரும்பிப் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரே பையில் கொண்டுபோங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, மருத்துவ ஆலோசனைக்கு 104.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்பது, காரணமின்றி அழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது — இதை அடம் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது புதிதாக வந்தால், சுகர் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் தவிர எதற்கும் காத்திருக்காதீர்கள். அடைப்பு என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்காமல் ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம்கூடக் கிட்டே இருக்கும்; எந்த ஆஸ்பத்திரி என்று இன்றைக்கே தீர்மானித்து, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தையும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் எழுத ஒரு தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.